வேர் பிடித்த கூடாரம்

கரடிச்சோலையில் மழை பிடித்துக்கொண்டால், சம்பந்தி வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி, எப்போது கிளம்புவேன் என்று வாய் திறக்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்திருந்த ஓர் ஐப்பசி மழையில்தான், சென்னையிலிருந்து மலையேற வந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் சிலர், விரலிடுக்கில் ஏறிய அட்டைகளைப் பிய்த்து எறிந்துகொண்டே, தட்டில் வைத்த இட்லியைக்கூடத் தொடாமல், தாங்கள் கொண்டுவந்த ஆரஞ்சு நிறக் கூடாரத்தை அங்கிருக்கும் வனத்துறை முகாமின் புல்தரையில் நின்றது நின்றபடி விட்டுவிட்டு, கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையிறங்கினார்கள். மொட்டைப்பாறை உச்சிக்குப் போகும் பாதை அந்தப் புல்தரையின் ஓரத்திலிருந்துதான் புறப்படுகிறது. பாதை தொடங்கும் இடத்தில் வனத்துறை ஒரு பலகை நட்டிருக்கிறது. பாட்டுப் போடக் கூடாது, தீ மூட்டக் கூடாது, எதையும் பறிக்கக் கூடாது, எதையும் விட்டுச் செல்லக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். கடைசி வரியை அந்தப் பையன்கள் மதித்திருந்தால் வெள்ளைத்தாய்க்கு வீடு கிடைத்திருக்காது.

வெள்ளைத்தாய் முகாமின் சமையல்காரி. பையன்கள் திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் கூடாரத்தைத் தொடவில்லை. பையன்களும் வரவில்லை, மழையும் போகவில்லை. வெயில் தலைகாட்டிய ஒரு காலையில், சரி, மடித்தாவது வைப்போம் என்று போய்க் கயிறு கட்டியிருந்த முளையைப் பிடுங்கினாள். அது அசையவில்லை. கரண்டிக் காம்பால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், முளை முளைத்திருந்தது. அடியில் முள்ளங்கி மாதிரி வெள்ளையாக ஒரு வேர் இறங்கி, அதிலிருந்து மயிரிழை மயிரிழையாகச் சல்லிவேர்கள் பிரிந்து மண்ணைப் பிடித்திருந்தன.

வனக்காப்பாளன் காசிமாயனைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கயிற்றை இழுத்ததில் கயிறு அறுந்து, அறுந்த இடத்தில் அத்திக்காயைக் கிள்ளினால் வருவதுபோல் ஒரு சொட்டுப் பால் வந்தது. வெள்ளைத்தாய்க்குப் பாவமாக இருந்தது. அடுப்படிக்குப் போய் மஞ்சள்தூளைக் குழைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் அப்பினாள். காசிமாயன் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது பிடித்துக்கொண்டது, இனிமேல் வராது என்று சொன்னான். அதே மூச்சில் இன்றைக்குத் தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா என்றும் கேட்டான்.

வெள்ளைத்தாயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவளைக் கட்டியவன் பவுன்ராஜ், ஜீப் டிரைவர். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தவன், ஒரு நாள் போனான், ஜீப் மட்டும் வேறு ஒருவன் ஓட்டத் திரும்பி வந்தது. கட்டப்பனையில் இருக்கிறான், டீக்கடை வைத்திருக்கிறான், இல்லை டீக்கடைக்காரியை வைத்திருக்கிறான் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாழையாத்துப்பட்டியில் இருந்த வீடு அவன் அண்ணன் தம்பிகளுக்குப் போனது. வெள்ளைத்தாய் பானை சட்டியோடு மலைக்கு மேலே வந்து, வனத்துறை முகாமில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, அடுப்படியில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். அந்த அடுப்படிக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் காற்று. யார் வேண்டுமானாலும், கீரிப்பிள்ளைகூட, கேட்காமல் உள்ளே வரலாம். வீட்டுமனை கேட்டு எத்தனையோ தடவை மனு கொடுத்துப் பார்த்தாள். கீழே இருப்பது கண்மாய்ப் புறம்போக்கு, மேலே இருப்பது காப்புக்காடு, இரண்டுக்கும் நடுவில் இருப்பது செங்குத்துப் பாறை என்று அதிகாரிகள் பொறுமையாக விளக்கினார்கள். அவள் ஆசைப்பட்டது பெரிய மாளிகைக்கு இல்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு. வெளியே நிற்கிறவர் கூப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் அடுப்படிக் கூரை ஒழுகியபோது, பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் அந்த ஆரஞ்சுக் கூடாரத்துக்குள் போனாள். போய், ஜிப்பை இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம், அதோடு உலகம் வெளியே நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கி வந்தவள்தான், சாய்ந்து உட்கார்ந்து, சரிந்து படுத்து, பகல் உச்சியைத் தாண்டும்வரை தூங்கினாள். அன்றைக்கு மலையேறிவிட்டு வந்தவர்கள் டீ இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். முகாம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு அவள் அங்கேயே இருந்துகொண்டாள், கூடாரமும் தன் பாட்டுக்கு வளர்ந்தது. நிமிர்ந்து நிற்க உயரம் தந்தது. பிறகு பக்கவாட்டில் மொட்டுவிட்டு, அந்த மொட்டு விரிந்து, ஒரு சின்ன அறையானது. அடுத்த மழைக்கு முன்பக்கம் நிழலுக்கு ஒரு மடல் நீண்டது.

வாழையாத்துப்பட்டி சனங்கள் பார்க்க வந்தார்கள். கூடாரம் முளைக்குமா என்பதில் அவர்களுக்குள் வாக்குவாதம் இல்லை, கண்ணெதிரே முளைத்திருக்கிறது. அது எந்த இனம் என்பதில்தான் வாக்குவாதம். விதையில்லாமல் பக்கக்கன்று விடுவதால் வாழைக்குப் பங்காளி என்று ஒரு கட்சி. கயிறெல்லாம் விழுதாக இறங்குவதால் ஆலமரத்துக்கு மச்சான் முறை என்று இன்னொரு கட்சி. பக்கத்திலேயே வனத்துறை வரிசையாகப் போட்டிருந்த பச்சைக் கூடாரங்களில் ஒன்றுகூட முளைக்காதது ஏன் என்று யாரோ கேட்டதற்கு, அரசாங்கத்துக்குச் சொந்தமானது எங்கே வேர் பிடிக்கும், பிடிக்கிற நேரத்தில் இடம் மாற்றிவிடுவார்களே என்று பதில் வந்தது, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆடுகள் ஓரத்தை மென்று பார்த்துவிட்டுத் துப்பின. யானைக் கூட்டம் ஒன்று வந்து, பெரியது மட்டும் துதிக்கையை நீட்டி மோந்துவிட்டு, தும்மிவிட்டுப் போனது. கிராம வனக்குழுத் தலைவர் செல்லப்பாண்டி ஊருக்கெல்லாம் ஆளுக்கொரு வீடு என்று கணக்குப் போட்டு, கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் பதியன் வைத்தார். எரு போட்டார், வேலி கட்டினார். பட்டா நிலம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, ஒரு மழைக்கோட்டு அளவுக்கு வளர்ந்து அதோடு நின்றுவிட்டது. அவர் மனைவி அதைப் பறித்துப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்வந்தார். நல்ல கோட்டு, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார்.

சேதி வனச்சரக அலுவலகத்துக்குப் போனது. வனச்சரகர் ஆரோக்கிய ஜெனிட்டா மேடம் கடற்கரை ஊர்க்காரர். சட்டத்தை ஜெபம் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பவர். காப்புக்காட்டுக்குள் யாரோ நிரந்தரக் குடியிருப்பு அமைத்திருக்கிறார்கள் என்றுதான் அவர் கோபமாக வந்தார். காப்புக்காட்டில் எந்தக் கட்டுமானமும் எழுப்பக் கூடாது, எழுப்பினால் உடனே அகற்ற வேண்டும். சரி, அகற்றுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், வேரைப் பார்த்தார். காப்புக்காட்டில் முளைத்த எதையும் வெட்டக் கூடாது, பிடுங்கக் கூடாது, வெட்டச் சொல்கிறவரும் குற்றவாளி. மேடம் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். இன்னொரு சுற்றும் வந்தார். அப்புறம் ஒரு கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைத்தாயிடம் ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.

துணியில் ஒரு துண்டும் வேரில் ஒரு துண்டும் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டன. கல்லூரியிலிருந்து ஒரு தாவரவியல் பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். பூத்தால்தான் இனம் சொல்ல முடியும், பூக்குமா என்று அவர் வெள்ளைத்தாயைக் கேட்டார். அது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை ஐயா என்றாள் அவள். பல மாதம் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனம் கண்டறியப்படும்வரை மேற்படி தாவரமும் அதன் உள்ளும் புறமும் உள்ளவையும் தற்போது இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும், எதையும் கலைக்கக் கூடாது. உத்தரவு வந்த நேரத்தில் வெள்ளைத்தாய் உள்ளே பாயில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் உத்தரவைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார், அவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் உத்தரவைப் படித்தார். கடைசியில், "வெள்ளைத்தாயி, நீ இனிமே வெளிய போய் இருந்தாத்தான் தப்பு" என்றார்.

இப்படியாக அவளுக்கு வீடு வந்தது. வீடு வந்தால் என்ன வரும்? புருஷன் வருவான்.

மார்கழிப் பனியில் ஒரு நாள் பவுன்ராஜ் ஒரு சூட்கேஸோடு ஜீப்பிலிருந்து இறங்கினான். மீசைக்குச் சாயம் அடித்திருந்தான். அவன் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை மறந்தவன் போல, நேற்று சந்தைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி, வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டான். ஊர்ப் பெண்கள் வெள்ளைத்தாயிடம் வந்து, எப்படியோ வந்துவிட்டான், வந்தவனை என்ன செய்ய முடியும் என்றார்கள். அவளுக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருவன் முன்னால் வந்து நின்று வெந்நீர் கேட்டால் வெந்நீர் வைப்பது அவள் வேலை. அத்தனை வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவன் பெரிய அறையில் காலை நீட்டிக்கொண்டான். அவள் மொட்டுவிட்டு வந்த சின்ன அறைக்குப் போனாள். மலையேற வருகிறவர்கள் கூடாரத்தைப் படமெடுக்க வந்து நின்றால், அவன் முன்மடலின் நிழலில் நின்றுகொண்டு, நம் வீடுதான், பார்த்துப் பார்த்து வளர்த்தது என்று பேட்டி கொடுத்தான். சட்டை மாட்ட ஒரு கம்பத்தில் ஆணி அடித்தான். பால் வழிந்து சட்டையெல்லாம் கறையானது, அதற்கு அவளைத் திட்டினான். ஜிப்பை அவன் ஒருநாளும் மூடியதில்லை. போகும்போதும் திறந்தே போட்டான், வரும்போதும் திறந்தே வந்தான். அவள் சின்ன அறையில் சுருண்டு படுத்திருக்கும்போது மறுபடியும் அரிசி மூட்டைக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டதுபோல் இருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. உத்தரவில் உள்ளும் புறமும் உள்ளவை என்றுதான் இருந்தது. அதில் நல்லது கெட்டது பிரிக்கவில்லை.

தை முடிந்து மாசி பிறந்தது. காட்டில் தேக்கு இலை கொட்டியது, கொன்றை கொட்டியது, மலையேறும் பாதையில் நடந்தால் அப்பளத்தை மிதிப்பதுபோல் சத்தம் வந்தது. தீக்காலம் என்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திப் பாதையின் குறுக்கே மூங்கிலைக் கட்டியது. அப்போதுதான் வெள்ளைத்தாய் கவனித்தாள்: போன கோடையில் வாடாமல் நின்ற கூடாரத்தின் ஆரஞ்சு நிறம் இந்தத் தடவை வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு காற்றடித்தது, கூரையில் ஒரு முழத்துணி கழன்று, ஆடி ஆடி இறங்கிப் பவுன்ராஜின் வயிற்றில் விழுந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. பங்குனி பிறப்பதற்குள் மொத்தமும் உதிர்ந்து, வளைந்த கம்பங்கள் மட்டும், மாடு செத்துக் கிடந்த இடத்து விலா எலும்பு மாதிரி நின்றன.

ஊர் வந்து பார்த்து, செத்துப்போச்சு என்று முடிவு கட்டியது. பேராசிரியர் ஃபோனில் கேட்டு வருத்தப்பட்டார். காசிமாயன், காய்ந்த கம்பை விறகுக்காவது எடுக்கலாமா என்று மேடத்தைக் கேட்க, காப்புக்காட்டில் செத்த மரத்தையும் எடுக்கக் கூடாது என்று அவர் எரிந்து விழுந்தார். பவுன்ராஜ் இரண்டு நாள் திறந்த வானத்தின் கீழ் படுத்து, பனியில் இருமி, கூரை இல்லாத வீட்டில் மனிதன் இருப்பானா என்றான். ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சூட்கேஸை எடுத்துக்கொண்டு இறங்கினான். தார்ப்பாய் வாங்க எதற்குச் சூட்கேஸ் என்று அவள் கேட்கவில்லை.

அவள் இறங்கவில்லை. உதிர்ந்த துணியையெல்லாம் கூட்டிச் சேர்த்துக் கம்பங்களின் அடியில் போட்டாள். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் குடத்தில் பிடித்து வைத்து, காலையும் மாலையும் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஊற்றினாள். காய்ந்த கம்புக்குத் தண்ணீர் விடுகிறவள் என்று ஊரில் சிரித்தார்கள். மேடம் ஒரு நாள் ரோந்து வந்தபோது நின்று பார்த்தார்.

"உயிர் இல்லைன்னா என்ன செய்வ?"

"இருக்கான்னு பாக்கத்தான் மேடம் ஊத்துறேன்."

"எப்படித் தெரியும்?"

"தண்ணி உள்ள போகுதுல்ல."

மேடம் குனிந்து ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரோந்தைத் தொடர்ந்தார். பங்குனியில் தீ வந்தபோது, கீழ்ச்சரிவிலிருந்து புகை ஏறி, காசிமாயனும் ஊர் ஆட்களும் பச்சைக் கொப்பும் மண்வெட்டியுமாக ஓடி வந்து, தீ தாண்டாமலிருக்கச் சருகைக் கூட்டிக் கோடு வெட்டத் தொடங்கியபோது, நேராக வெட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் அந்தக் கம்பங்கள் கோட்டுக்கு வெளியே தீயோடு போய்விடும் என்று பார்த்த மேடம், கோட்டை வளைக்கச் சொன்னார். வளைத்தால் எல்லோருக்கும் வேலை கூடும். கை கொப்பளிக்கும். தலைவர் செல்லப்பாண்டி மனைவியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் முதலில் மண்வெட்டியைத் திருப்பினார். செத்த கம்புக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. தீ கோடுவரை வந்து, கம்பங்களைப் பார்த்து நின்று, படுத்துவிட்டது. அன்று அத்தனை பேருக்கும் வெள்ளைத்தாய் புளிச்சோறு கிண்டினாள். கரி அப்பிய முகங்களோடு அந்த விலா எலும்புகளுக்குள்ளே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூரை இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் சாப்பிட்ட மாதிரிதான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

சித்திரையில் கோடைமழை இடியோடு வந்தது. அடுத்த நாள் காலை வெள்ளைத்தாய் குடத்தோடு போனவள், குடத்தை இறக்காமல் நின்றாள். கம்பங்களின் கணுவெல்லாம் துளிர்விட்டிருந்தது. மாங்கொழுந்து மாதிரி தாமிர நிறத்தில், கன்றுக்குட்டிக் காது மாதிரி மெல்லிசாக, சின்னச் சின்னதாகத் துணி சுருண்டு தொங்கியது. அது நாளுக்கு நாள் விரிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கூரையானது. வெயில் பட்டுப் பச்சையானது. இந்தத் தடவை ஆரஞ்சு இல்லை. பெரிய அறையும் இல்லை, பக்க அறையும் இல்லை. ஒரே ஓர் அறை, ஆனால் தாராளமான அறை. மலை பார்த்து ஒரு ஜன்னல். அவள் உள்ளே போய் நின்று பார்த்தாள். புதுத்துணி வாசனையும் நனைந்த மண் வாசனையும் சேர்ந்து அடித்தன. அழுகை வந்தது, அழுதாள், அப்புறம் சாணி தெளிக்கப் போனாள்.

இந்தச் சேதியும் கட்டப்பனைக்குப் போனது. பாதையில் கட்டியிருந்த மூங்கிலை அவிழ்த்து மலையேற்றம் மறுபடி தொடங்கிய வாரத்தில், பவுன்ராஜ் ஒரு கையில் சூட்கேஸும் தோளில் புதுத் தார்ப்பாயுமாக வந்து நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் வாசலில் நின்றாள், நகரவில்லை. அவன் கொஞ்ச நேரம் அவள் நகர்வாள் என்று காத்திருந்துவிட்டு, வழியை விடு, நனைகிறேன் என்றான்.

"இது நீங்க இருந்துட்டுப் போன வீடு இல்ல" என்றாள் அவள். "அது உதிந்துபோச்சு. இது புதுசா மொளச்சது. இதுக்கு உங்களத் தெரியாது."

"ஒனக்குத் தெரியும்ல?"

அவள் யோசித்தாள். அவசரமில்லாமல், உலை கொதிக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரி யோசித்தாள்.

"தெரியும். அதுனாலதான் சொல்றேன்."

அவன் காசிமாயனைப் பார்த்தான். காசிமாயன் வானத்தைப் பார்த்தான். பவுன்ராஜ் ஊர்ப் பெண்களைத் தேடினான். போன தடவை வந்தவனை என்ன செய்ய முடியும் என்று சொன்ன அதே பெண்கள், முகாம் அடுப்படிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு, தலை நிமிரவில்லை. முகாமில் தங்க வேண்டுமென்றால் மற்றவர்கள் மாதிரி முன்பதிவு செய்து சீட்டு எடுக்க வேண்டும் என்று காசிமாயன் மரியாதையாக எடுத்துச் சொன்னான். வேறு வழியில்லாமல் பவுன்ராஜ் சீட்டு எடுத்தான். வனத்துறையின் பச்சைக் கூடாரத்தில், மதுரையிலிருந்து வந்த ஒரு வங்கி மேனேஜருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவன் கேட்டபோது வெள்ளைத்தாய் வெந்நீர் கொடுத்தாள், டீ கொடுத்தாள், இட்லியும் கொடுத்தாள். மலையேற வந்த எல்லோருக்கும் கொடுத்த அதே அளவு, அதே முகம். விடிந்ததும் வழிகாட்டி வந்து அவனையும் கூட்டத்தோடு மொட்டைப்பாறைக்கு ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான், சீட்டு எடுத்தால் ஏறித்தான் ஆக வேண்டும். மூச்சிரைக்க, காலெல்லாம் அட்டை கடித்து இறங்கி வந்தவன், காட்சி நன்றாகத்தான் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தார்ப்பாயை அடுப்படிக் கூரை ஒழுகும் இடத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டு, ஜீப்பில் ஏறினான். அது ஒன்று அவன் செய்த நல்ல காரியம். அப்புறம் வரவில்லை.

அந்த ஆடியில் ஜெனிட்டா மேடத்துக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. சொல்லிக்கொண்டு போக முகாமுக்கு வந்தார். கூடாரத்தைப் பற்றிப் புதிதாக வருகிறவருக்கு எழுதிவைத்திருப்பதாகவும், அது இன்னும் பூக்காததால் உத்தரவு அப்படியே இருப்பதாகவும் சொன்னார். பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தி, காற்றில் மெதுவாக ஏறி இறங்கும் அந்தப் பச்சைக் கூரையைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் இருந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ்தான், எந்தச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை, அடுத்து வருகிறவருக்கு ஓட்டையாகப் போகுமே என்று விட்டுவிடுவேன் என்றார். அப்புறம், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, "வெள்ளைத்தாயி, உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

வெள்ளைத்தாய் பாயை விரித்துக் கொடுத்தாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் மேடம், தொப்பியைத் தலைமாட்டில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து, நன்றாகத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. வெளியே வந்து ஜிப்பைச் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மூடினாள்.

அந்த நேரம் பார்த்து, பாட்டுப் பெட்டியை அலற விட்டுக்கொண்டு ஒரு வேன் கூட்டம் பாதையின் தொடக்கத்தில் வந்து இறங்கியது. அவள் எதிரே போய், வாயில் விரலை வைத்து, உள்ளே ஆள் தூங்குகிறார்கள் என்று சொன்னாள். யார் தூங்குகிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பாட்டை அணைத்துவிட்டு, நுனிக்காலில் ஒருவர் பின் ஒருவராகக் கூடாரத்தைக் கடந்து, மொட்டைப்பாறைப் பாதையில் ஏறி மறைந்தார்கள். வெள்ளைத்தாய் வாசல் கல்லில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த அந்த டீயைத் தானே குடித்தாள்.